கூஸ்பெரின்னா நெல்லிக்காயா?

நாற்பது வயசுக்கு மேல ஒயின் பரீட்சைக்குப் படிக்க உட்காருற நம்ம ஊர்க்காரனுக்கு முதல்ல வர்ற சந்தேகம் ஒயினைப் பத்தினது இல்லை. பழத்தைப் பத்தினது.

பாடப்புத்தகத்துல 'சாவின்யோன் பிளாங்க்'ங்கிற வெள்ளை ஒயினுக்கு நேரா 'கூஸ்பெரி' வாசனைன்னு போட்டிருக்கும். நம்ம ஊர் அகராதியில கூஸ்பெரின்னா நெல்லிக்காய். சரின்னு ஒரு நெல்லிக்காயை எடுத்து மோந்து பார்த்தா, பெரிசா ஒண்ணும் வராது. கடிச்சா புளிப்பு, துவர்ப்பு, மேல தண்ணி குடிச்சா இனிப்பு. இதை ஒயின்ல எங்கன்னு தேடுறது? தேடித் தேடி மண்டை காஞ்சதுதான் மிச்சம். ஏன்னா ஐரோப்பாக்காரன் சொல்ற கூஸ்பெரி வேற செடி, வேற குடும்பம். நம்ம நெல்லிக்கும் அதுக்கும் இங்கிலீஷ் பேர்தான் ஒண்ணு.

நான் சொல்ல வர்றது இதுதான்: நம்ம ஆட்கள் இந்தப் படிப்புல தடுமாறுறது நாக்காலோ மூக்காலோ இல்லை, பேராலதான். பேரைக் கடனா வாங்கிப் படிச்சுக்கலாம். ஆனா சொந்த மூக்கை வீட்டுல வச்சுட்டுப் போகக்கூடாது. குழித்துறைக்காரனோட மூக்கு அப்படி ஒண்ணும் லேசுப்பட்ட மூக்கு இல்லை மக்களே!

முதல்ல, என்ன படிப்பு இதுன்னு தெரியாதவங்களுக்காக. டபிள்யூ.எஸ்.இ.டி.ன்னு ஒரு அமைப்பு, 1969-ல லண்டன்ல தொடங்கினது. ஒயின் வியாபாரத்துல இருக்கிறவங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க வந்தது, இப்போ யார் வேணும்னாலும் படிக்கலாம். மொத்தம் நாலு நிலை. முதல் ரெண்டு நிலைக்கு முன்தகுதி ஒண்ணும் வேண்டாம். ரெண்டாம் நிலைப் பரீட்சையில ஒரு மணி நேரத்துக்கு 50 கேள்வி, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கணும், 55 சதவீதம் வாங்கினா பாஸ். மூணாம் நிலையில விரிவா எழுதணும், அதோட பேர் மறைச்ச ரெண்டு ஒயினைக் குடுத்து, நிறம், வாசனை, ருசி, தரம்னு வரிசையா எழுதச் சொல்லுவாங்க. இந்தியாவுல மும்பை, டெல்லி, பெங்களூர்னு பெரிய ஊர்கள்ல வகுப்பு நடக்கு. நான் நாற்பது தாண்டின பிறகு ரெண்டாம் நிலை எழுதினவன், இப்போ மூணாம் நிலைக்குப் படிச்சிட்டு இருக்கேன். பிழைப்புக்குக் கணக்கு எழுதுற சோலி. இது ஆசைக்கு.

இதை ஊர்ல சொன்னா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? சொந்தத்துல ஒரு மாமா கேட்டார், "மக்களே, குடிக்கதுக்குமாடே படிப்பு? இங்க படிக்காமலேயே எத்தனை பேரு டாக்டர் பட்டம் வாங்கிட்டானுவ!" :-)

சிரிச்சுட்டேன். ஆனா அவர் கேள்வி சிரிச்சு விடுற கேள்வி இல்லை. நம்ம தமிழ்நாட்டுல 'ஒயின் ஷாப்'ங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? பிராந்தி, ரம், பீர் விக்கிற கடை. அங்க போய் ஒயின் கேட்டா ஒரு மாதிரியா பாப்பாங்க. 1983-ல வந்த டாஸ்மாக், 2003-ல சில்லறை விற்பனையையும் கையில எடுத்தது. அந்தக் கடைகளால எத்தனை வீட்டுல அடுப்பு எரியாமப் போச்சுன்னு நம்ம தெருவுல இருக்கிற பெண்களைக் கேட்டாலே போதும், புள்ளிவிவரம் தேட வேண்டாம். அப்படிப்பட்ட இடத்துல இருந்துக்கிட்டு 'ஒயின் படிப்பு நல்லது'ன்னு ஒருத்தன் எழுதினா, கோவம் வரத்தான் செய்யும்.

அதனால நேராவே சொல்லிடுறேன். குடியில சிக்கினவங்களும், அதுல இருந்து மீண்டு வந்தவங்களும் இந்தப் படிப்புப் பக்கமே வரவேண்டாம். 21 வயசு ஆகாதவங்களுக்கும் இங்க சட்டப்படி ருசி பார்க்கிற பாடம் கிடையாது. குடிக்காதவன் குடிக்காமலே இருக்கட்டும், அதுல ஒரு குறையும் இல்லை.

ஆனா இந்தப் படிப்பு குடிக்கச் சொல்லிக்குடுக்கிற படிப்பு இல்லை. துப்பச் சொல்லிக்குடுக்கிற படிப்பு! ஒவ்வொருத்தர் முன்னாலயும் துப்புறதுக்கு ஒரு பாத்திரம் இருக்கும். ஒரு வாய் எடுத்து, வாய்க்குள்ள சுழற்றி, துப்பிட்டு எழுதணும். விழுங்கிட்டே போனா நாலாவது கிளாஸ்ல மூக்கு வேலை செய்யாது. வெத்தலை போடுற நம்ம அம்மச்சிமாருக்குக் கோளாம்பி எப்படியோ, அப்படி இது. வகுப்புல சுத்தமா துப்பத் தெரியாம சட்டையில வடிய விட்டவங்களைப் பார்த்தப்போ, எங்க அம்மச்சி இருந்தா ரெண்டு நாள்ல பழக்கி விட்டிருப்பாங்கன்னு தோணிச்சு.

துப்பினது போக மிச்சம் என்னன்னு பார்த்தா, பூகோளம், மண்ணு, மழை, விவசாயம், ரசாயனம், சட்டம், வியாபாரம். எந்த மலைச்சரிவுல வெயில் எப்போ படும், கடல் காத்து எதுவரைக்கும் வரும், எந்த நாட்டுல லேபிள்ல என்ன எழுதலாம்னு படிக்கணும். பள்ளிக்கூடத்துல பூகோளத்தை வெறுத்தவன்கூட இதுல உலக வரைபடத்தை விரும்பிப் பார்ப்பான்.

சரி, பேர் விஷயத்துக்கு வருவோம்.

கேபர்நே சாவின்யோன்ங்கிற சிவப்பு ஒயினுக்கு 'பிளாக்கரண்ட்' வாசனைன்னு உலகம் முழுக்கச் சொல்லிக்குடுக்காங்க. நமக்கு பிளாக்கரண்ட்னா ஐஸ்கிரீம். பழத்தைப் பார்த்தவன் யாரு? இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அமெரிக்காக்காரனும் நம்மளை மாதிரிதான். அந்தச் செடி வழியா ஒரு பூஞ்சை நோய் பைன் மரங்களுக்குப் பரவுதுன்னு சொல்லி, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துலேயே அங்க அதை வளர்க்கத் தடை போட்டாங்க. மத்திய அரசோட தடை 1966-லதான் நீங்கிச்சு. அதுக்குள்ள ரெண்டு தலைமுறை அந்தப் பழத்தை மறந்துபோச்சு. அப்போ கலிபோர்னியாவுல கேபர்நே பண்றவனே 'பிளாக்கரண்ட்'ங்கிற சொல்லை இங்கிலாந்துக்காரன்கிட்ட கடன் வாங்கித்தான் படிக்கான். அவனுக்கு அதுல கூச்சம் இல்லை. நமக்கு மட்டும் ஏன்?

இந்தச் சொற்கள் ஒண்ணும் ஒயினுக்குள்ள எழுதி வச்சிருக்கல. இங்கிலாந்துல ஒரு வீட்டுப் புழக்கடையில என்ன காய்ச்சுதோ, சமையல்கட்டுல என்ன ஜாம் இருந்ததோ, அதை வச்சு அவங்க பேர் போட்டாங்க. அதுல தப்பில்லை, யாரும் தெரிஞ்சதை வச்சுத்தானே தெரியாததைச் சொல்ல முடியும். இந்தப் பாடம் நம்ம ஊர்ல உருவாகியிருந்தா 'அயனிச்சக்கை வாசனை'ன்னு லண்டன்காரன் மனப்பாடம் பண்ணிட்டு இருந்திருப்பான், அவ்வளவுதான்.

இப்போ நம்ம கையில என்ன முதல் இருக்குன்னு பாருங்க.

ஒண்ணு, நல்லமிளகு. ஷிராஸ் ஒயின்ல மிளகு வாசனைன்னு சொல்லுவாங்க. சும்மா உவமைக்குச் சொல்றதில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக்காரங்க 2008-ல கண்டுபிடிச்சாங்க, ரோட்டண்டோன்ங்கிற பொருள் அந்த ஒயின்லயும் இருக்கு, மிளகுலயும் அதே பொருள்தான். ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாதுங்கிறதும் அப்போதான் தெரிஞ்சது. வீட்டு மரத்துல மிளகுக்கொடி படர்ந்திருக்க, பறிச்சுக் காயவச்சு வளர்ந்த பிள்ளைக்கு பச்சை மிளகு, காஞ்ச மிளகு, இடிச்ச மிளகு மூணும் வேற வேற வாசனை. பாட்டில்ல அடைச்ச பொடியை மட்டும் பார்த்தவனுக்கு அது தெரியுமா?

ரெண்டு, கிராம்பு. ஓக் மரப்பீப்பாயில வச்ச ஒயின்ல கிராம்பு வாசனை வரும். யூஜினால்ங்கிற பொருள்தான் காரணம், கிராம்புல இருக்கிறதும் அதேதான். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. மலையில இருந்து இறங்கி வர்ற கிராம்பு மூட்டை பக்கத்துல நின்னவனுக்குப் பீப்பாய் வாசனையைத் தனியாச் சொல்லிக்குடுக்கணுமா?

மூணு, வாழைப்பழம். இளசான சில சிவப்பு ஒயின்கள்ல வாழைப்பழ வாசனை வரும். புத்தகத்துல 'பனானா'ன்னு ஒத்தைச் சொல்லோட முடிச்சிடுவாங்க. மார்த்தாண்டம் சந்தைக்குப் போறவன் கேப்பான், "எந்தப் பழம் வோய்? மட்டியா, ஏத்தனா, பாளையங்கோட்டானா, செந்துளுவனா?" கண்ணைக் கட்டிவிட்டாலும் மட்டியையும் ஏத்தனையும் மூக்காலே பிரிச்சுச் சொல்ற ஆட்கள் நம்ம வீட்டுல இருக்காங்க. சக்கையைத் தூரத்துல இருந்து மோந்தே வரிக்கையா கூழனான்னு சொல்றவங்க இருக்காங்க. லண்டன்ல காசு குடுத்துப் படிக்கிறதும் இதே வேலைதான்.

நாலு, துவர்ப்பு. இது நம்ம பெரிய சொத்து. சிவப்பு ஒயினோட முதுகெலும்பு டேனின்னு சொல்லுவாங்க. வாய்க்குள்ள வறண்டு பிடிக்கிற அந்த உணர்வை விளக்க இங்கிலீஷ்காரன் 'கடுப்பமான கட்டன் சாயா மாதிரி'ன்னு சுத்தி வளைப்பான். நமக்கு அறுசுவையில அது ஒண்ணு. பாக்கு மென்னவனுக்கும், பிஞ்சு வாழைக்காய் கடிச்சவனுக்கும் துவர்ப்பு அளவு சொல்ல வரும். நல்ல துவர்ப்பா, நாக்கைப் பிடுங்குற துவர்ப்பா, பழுக்கப் பழுக்கக் குறைஞ்ச துவர்ப்பா... மூணாம் நிலைப் பரீட்சையில இந்த அளவையும் தரத்தையும்தான் எழுதச் சொல்றாங்க.

அஞ்சு, நொதிக்கிற கணக்கு. சர்க்கரையை ஈஸ்ட் தின்னு சாராயச் சத்தும் கரியமில வாயுவும் ஆக்குதுன்னு முதல் பாடத்துல வரும். நம்ம பனையேறிகளுக்கு இது தலைமுறை அறிவு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா அக்கானி, தடவலைன்னா கள்ளு. நடுவுல நிக்கிறது சுண்ணாம்பு. போர்ட் ஒயின்ல நொதிக்கிறதைப் பாதியில நிறுத்த திராட்சைச் சாராயம் ஊத்துறாங்க. முறை வேற, ஆனா ஈஸ்டை நிறுத்தி இனிப்பைக் காப்பாத்துற நோக்கம் ஒண்ணு. கள்ளு இங்க 1987-ல இருந்து தடை. அக்கானியோட அறிவுக்கு யாரும் தடை போடலையே.

கெட்டுப்போன ஒயினைக் கண்டுபிடிக்கவும் நம்ம ஊர் உதவும். சில கந்தகக் குறைபாடுகள் வந்தா எரிஞ்ச ரப்பர் வாசனை அடிக்கும். ரப்பர் ஷீட் அடிச்சு உலர்த்துற ஊர்ல பிறந்தவன்கிட்டயா ரப்பர் வாசனையைக் கேக்கிறது! தக்கையில வர்ற கேடு மழைக்காலத்துல நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறும். வயசான ரீஸ்லிங் ஒயின்ல வர்ற மண்ணெண்ணெய் மாதிரி வாடை மட்டும் கேடு இல்லை, அதை ரசிக்கிறாங்க. ரேஷன் கடை வரிசையில நின்னவனுக்கு அதுவும் புரியும்.

இன்னொண்ணு. கம்பம் பள்ளத்தாக்குல விளையுற பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அது மஸ்கட் ஹாம்பர்க்ங்கிற ரகம். மஸ்கட் வகையில ரோஜா வாசனை வரும்னு புத்தகத்துல இருக்கு, ரோஜாவுல இருக்கிற ஜெரானியால் இந்தத் திராட்சையிலயும் இருக்கு. நம்ம ஆள் புத்தகம் படிக்காமலே அதுக்கு 'பன்னீர்'னு பேர் வச்சுட்டான். ஒத்தைச் சொல்லுல ருசிக்குறிப்பு எழுதினவன் பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

இவ்வளவும் சொன்னா உடனே ஒருத்தர் கேப்பார்: "அப்போ பரீட்சையில அயனிச்சக்கைன்னு எழுதினா மார்க் போடுவானா?"

போட மாட்டான். அதைத் தெளிவாச் சொல்லணும். சொல்பட்டியல் ஒரு வழிகாட்டிதான், துல்லியமா இருந்தா வேற சொல்லும் ஏத்துக்குவோம்னு அவங்களே சொல்றாங்க. ஆனா திருத்துறவருக்கு அந்தப் பழம் தெரியணுமே! தெரியாத பழத்துக்கு அவர் எப்படி மார்க் போடுவார்? அதனால அவங்க சொல்லைப் படிச்சே ஆகணும். வேற வழி இல்லை. வேலைக்குப் போறவனுக்கு இது இன்னும் முக்கியம். நம்ம மாவட்டத்துல கேட்டரிங் படிச்சு, வளைகுடா ஹோட்டல்லயும் சொகுசுக் கப்பல்லயும் தட்டு ஏந்துற தம்பிமார் நிறைய. அங்க மேசைக்கு ஒயின் எடுத்துக்குடுக்கிற 'சோமலியர்' வேலைக்கு மேல ஏற இந்தச் சான்றிதழ் ஒரு படி. அவன் விருந்தாளிகிட்ட 'பிளாக்கரண்ட்'னு சொல்லித்தான் ஆகணும்.

அதுக்கு ஒரு வழி இருக்கு. நோட்டுல ரெண்டு பத்தி போடுங்க. இடப்பக்கம் உங்க மூக்கு சொன்னது: கீறின கொய்யாக்காய், பச்சை மாங்காய்க் காம்பு, குடைமிளகாய். வலப்பக்கம் பாடப்புத்தகச் சொல்: கூஸ்பெரி, புல், பச்சை மிளகாய் வகை. பத்து ஒயின் ஆனதும் இடப்பக்கம் வந்தாலே வலப்பக்கம் தானா வரும். மொழிபெயர்க்கிற வேலைதான் இது. வெறும் வலப்பக்கத்தை மட்டும் மனப்பாடம் பண்றவன் பரீட்சை அன்னிக்கு கிளாஸை மோக்காம, ஞாபகத்தை மோந்துட்டு இருப்பான். வயசு ஏறினவனுக்கு ஞாபகம் கைவிடும்.

தினசரிப் பயிற்சிக்கு ஒயின் பாட்டில்கூட வேண்டாம். சந்தையில எதை எடுத்தாலும் மோந்து பாருங்க. ஆடி அமாவாசைக்கு நம்ம வாவுபலி நடக்கும்போது நாற்றுக் கடைகள்ல ஒரு சுத்து வாங்க, இலையைக் கசக்கி மோந்து பேர் சொல்லுங்க. கடைக்காரர் முறைச்சா ஒரு கன்னு வாங்கிடுங்க. :-)

இதெல்லாம் தனி ஆள் செய்ய வேண்டியது. சொல்லிக்குடுக்கிறவங்க செய்ய வேண்டியதும் ஒண்ணு இருக்கு. இந்தியாவுல வகுப்பு எடுக்கிறவங்களே இறக்குமதி ஜாம் பாட்டிலைத் திறந்து காட்டி 'இதுதான் வாசனை'ன்னு சொல்றதை நான் பார்த்திருக்கேன். பக்கத்துலயே கொய்யாவும் மிளகும் கிராம்பும் வச்சா என்ன குறைஞ்சு போகும்? ஆசியாவுல இது புதுசும் இல்லை. கொரியாவுல பிறந்த ஜீனி சோ லீ 2008-ல 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' ஆனார். ஆசியச் சாப்பாட்டையும் ஆசியக்காரங்களுக்குப் பழக்கமான வாசனைகளையும் வச்சே ஒயினை விளக்கிப் புத்தகம் எழுதினார். அவரைக் குறைச்சு மதிச்சாங்களா? இல்லையே.

'மாஸ்டர் ஆஃப் ஒயின்'ங்கிறது இந்தத் துறையில உச்சி. முதல் பரீட்சை லண்டன்ல 1953-ல நடந்தது. இன்னிக்கும் உலகம் முழுக்க நானூற்றிச் சொச்சம் பேர்தான் அந்தப் பட்டத்தோட இருக்காங்க. பன்னிரண்டு பன்னிரண்டா மூணு தடவை, மொத்தம் 36 ஒயினைப் பேர் தெரியாம ருசிச்சு எழுதணும். இந்தியாவுல இருந்து முதல்ல அதைத் தாண்டினவர் சோனல் ஹாலண்ட், 2016-ல. அவர் ஒயின் குடும்பத்துல பிறந்தவர் இல்லை. கம்பெனி வேலையை விட்டுட்டு, முப்பது தாண்டின பிறகு படிக்க ஆரம்பிச்சவர். 'இந்த வயசுல இனி என்னத்தைப் படிச்சு'ன்னு இழுக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

செலவு? மறைக்க விரும்பலை. கட்டணம், பெங்களூர் போக்குவரத்து, தங்குற செலவு எல்லாம் சேர்த்தா பல ஆயிரம், மேல்நிலைக்குப் போனா லட்சத்தை ஒட்டி வரும். இதுக்காகக் கடன் வாங்காதீங்க. இதுல பிழைக்கப்போற தம்பிக்கு அது முதலீடு. என்னை மாதிரி ஆளுக்கு அது ஆசை, கையில மிஞ்சினதுல செய்யணும். சான்றிதழ் வாங்கினதும் உலகம் வரவேற்கக் காத்திருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

ஆனா ஒண்ணு நம்பலாம். வயசான பிறகு படிக்கிறவன்கிட்ட சின்னப்பிள்ளைகிட்ட இல்லாத ஒரு சரக்கு இருக்கு. நாற்பது வருசமா மோந்தது, தின்னது, சமைச்சது, கெட்டுப்போச்சுன்னு தூக்கிப்போட்டது எல்லாம் உள்ள அடுக்கடுக்கா கிடக்கு. இங்கிலீஷ்ல அதுக்குப் பேர் தெரியாததால இல்லைன்னு நினைச்சிடாதீங்க. பேர் ரெண்டு மாசத்துல வந்துடும். மூக்கு வர நாற்பது வருசம் ஆகும், அது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு.

மாமாவுக்கும் இதைத்தான் சொன்னேன். முழுசா ஒத்துக்கலை. "செரி, படி. துப்பதுக்குப் படிக்கியேண்ணா கொள்ளாம்"னார். அவர் வாயில இருந்து அவ்வளவு வந்ததே பெரிசு!